மூன்றடுக்கு

மேலூர் போகிற வழியில், வெள்ளரிப்பட்டி தாண்டி
வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை.
அதில்தான் பிப்ரவரியில்
நடு அடுக்கு கீழ் அடுக்குக்குள் இறங்கி உட்கார்ந்தது,
பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த ஆள் மாதிரி
ஆற அமர.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
மிச்சத்தை
கோ.புதூரில் எங்கள் தெரு இரண்டு நாள் தின்றது.

பழங்காநத்தம் சிக்கந்தருக்கு இருபத்தாறு வயது.
என் ஈக்கோவின் பின் பம்பரை
ஒரு அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தான்.
வண்டி மூன்று தடவை தலையாட்டியது.
"ஷாக் செத்துப்போச்சுக்கா.
ஒருக்கா எந்திரிச்சா நிக்கணும்."

பெஞ்சில் பரப்பினான்.
காஸ் அடைத்த மஞ்சள் ஷாக்.
ஸ்பிரிங் இடுக்கில் திணிக்கிற ரப்பர் வளையம்,
ஆயிரத்து முந்நூறு, அரை மணி வேலை.
நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்துகிற நீல ஸ்பிரிங்.
முப்பத்திரண்டு கிளிக் திருகு வைத்த ஒன்று,
அந்த விலைக்கு எனக்கு இன்னொரு அவன் வரும்
(அடுப்பைச் சொல்கிறேன்).

நீலம் அழகாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் பக்கத்தில் ஒரு வெள்ளி நிற சிட்டி
வயிறு தரையில் தேய்ந்து நின்றது.
கல்லூரிப் பையன் ஒருவன் குப்புறப் படுத்து
சைலன்சரைத் தடவிக்கொண்டிருந்தான்,
காய்ச்சல்காரனைத் தடவுவதுபோல.

நான் கொண்டுபோன டப்பாவைத் திறந்தேன்.
பாலில் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி.
"சாப்பிடவாக்கா?"
"இல்லப்பா, எண்ண."

பின்னால் வைத்துக்கொண்டு பைபாஸ் ஓரத் தடையில் ஏறி இறங்கினோம்.
பழைய ஷாக்கில் பதினொரு நடுக்கம்.
ரப்பர் வளையத்தில் நடுக்கம் அப்படியே,
கூடவே குறுக்கே ஒரு கீறல்.
மஞ்சளில் நான்கு. அடங்கிவிட்டது.
அவன் அதற்கு முன் இப்படி எண்ணியதில்லை,
ஐந்தாவது வருகிறதா என்று
டப்பாமேல் முகத்தை வைத்துப் பார்த்தான்.

"வெயிட் எவ்வளவு ஏத்துவீங்க?"
கேக் பதினான்கு கிலோ.
இரும்பு ஸ்டாண்டு, ப்ளைவுட் மேசை,
ஐஸ் பெட்டி இரண்டு, மின்விசிறிக்கு ஒரு பேட்டரி,
என் வீட்டுக்காரர் ஜெபமணி எண்பத்தெட்டு.
கூட்டிப் பார்த்தால்
கேக்தான் இருப்பதிலேயே ஒல்லி.

பின்பக்கம் ஒரு படி கனமான ஸ்பிரிங்,
நான்கு மஞ்சள் ஷாக், எல்லா புஷ்ஷும் புதுசு,
அலைன்மென்ட்.
பில்லில் என் பெயரை எழுதாமல்
கேக் அக்கா என்று எழுதினான்.

முதல் சவாரி வாடிப்பட்டி.
சர்ச் வாசலில் கதவைத் திறந்தபோது
உச்சியில் சர்க்கரை ரோஜா
புதூரில் எந்தப் பக்கம் பார்த்ததோ
அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.
ஜெபமணி சிலுவை போட்டுக்கொண்டார்.
நான் கீழே குனிந்து மஞ்சளைப் பார்த்தேன்,
புழுதி.

அன்றிரவு மண்டபத்தில்
மாப்பிள்ளையின் தம்பி அந்த ரோஜாவை ஒரு கையளவு அள்ளி
அண்ணன் மூக்கில் அப்பினான்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நானும்தான்.

ஸ்டாண்டும் மேசையும் பெட்டிகளும் காலையில்தான் தருவார்களாம்.
ஜெபமணி பிரியாணிக்கு இருந்துவிட்டார்.
நான் மட்டும் திரும்பினேன்.

காலி வண்டிக்கு என்னைத் தெரியவில்லை.
கேக் தாண்டி வந்த பள்ளங்கள் எல்லாம்
ஒவ்வொன்றாக வந்து
முதுகுத்தண்டில் கையெழுத்துப் போட்டன.
கால் பாதையில், ஒரு சின்னக் கல்,
பல் கடித்துக்கொண்டது.

சமயநல்லூரில் ஓரம் கட்டி சிக்கந்தருக்குப் போன் போட்டேன்.
மணி பதினொன்று. தூக்கக் குரல்.
"காலியா ஓட்டாதீங்கக்கா.
கனத்துக்குப் போட்ட ஸ்பிரிங்கு அது.
ரெண்டு மூட்டை மைதா தூக்கிப் போட்டுக்கங்க."

மைதா வீட்டில் இருந்தது.
வீடு இன்னும்
பதினேழு கிலோமீட்டர்.